தொழில்முறைக் கூடைப்பந்து வீரராக விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

கூடைப்பந்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளையோரில் பெரும்பாலானோர் அத்தொழிலை வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் ஆட்டங்களின் வழியாகவே அறிந்துவைத்திருக்கிறார்கள். ஆகவே அங்குள்ள இடங்களை எண்ணிப் பார்ப்பதிலிருந்து தொடங்குவது நல்லது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 30 அணிகள். அணிக்கு 15 வழக்கமான ஒப்பந்தங்கள். ஆக மொத்தம் 450 இடங்கள். இவற்றுடன், என்பிஏ அணியிலும் அதன் துணை லீக்கான ஜி லீக்கிலும் மாறி மாறி ஆடுவதற்கான இருவழி ஒப்பந்தங்கள் அணிக்கு மூன்று உள்ளன. அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும், ஆண்டுதோறும் நடைபெறும் டிராஃப்ட் தேர்வின் இரண்டு சுற்றுகளிலும் சேர்த்து அதிகபட்சம் 60 பேரே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அவர்களிலும் எல்லோருக்கும் ஒப்பந்தம் கிடைத்துவிடுவதில்லை.

கூடைப்பந்து ஆடிச் சம்பளம் பெறுவோரின் உலகம் இதைவிட மிகப் பெரியது. ஸ்பெயின், துருக்கி, கிரீஸ், இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, லித்துவேனியா, ஆஸ்திரேலியா, சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் எனப் பல நாடுகளில் சம்பளம் தரும் லீக்குகள் உள்ளன. பலவற்றில் இரண்டாம், மூன்றாம் நிலைப் பிரிவுகளும் உண்டு. தொழில்முறை வீரர்களில் மிகப் பெரும்பாலோர் ஆடுவது இங்கேதான், இவ்வழிகாட்டியும் அவர்களுடைய தொழிலை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. அத்தொழிலின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்வதானால், அது ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களின் தொடர். ஒவ்வோர் ஒப்பந்தமும், ஒரு குறிப்பிட்ட அணிக்கு அந்தப் பருவத்தில் எது தேவையோ அதைச் செய்யக்கூடியவருக்கே கிடைக்கிறது. பயிற்சி, பாதை, முகவர், உடல்நலம் பற்றிய முடிவுகள் அனைத்தையும் இதை மனத்தில் இருத்தியே எடுக்க வேண்டும்.

எந்த விதிகளின்கீழ் ஆடப்போகிறீர்கள்

வளையத்தின் உயரம் எங்கும் 3.05 மீட்டர்தான். மற்றவை எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிபாவின் களம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. ஆட்டம் 10 நிமிடங்கள் வீதம் நான்கு பகுதிகள். ஐந்தாவது ஃபவுலுடன் வீரர் வெளியேற வேண்டும். என்பிஏவில் பகுதிக்கு 12 நிமிடங்கள், ஆறு ஃபவுல்கள். மூன்று புள்ளிக் கோடு ஃபிபாவில் 6.75 மீட்டர், மூலைகளில் 6.60 மீட்டர், என்பிஏவில் 7.24 மீட்டர், மூலைகளில் 6.70 மீட்டர். பந்தை எறிவதற்கான 24 விநாடி வரம்பு இரண்டிலும் உண்டு.

இவற்றைவிட ஆட்டத்தை அதிகம் மாற்றுபவை வேறு இரண்டு விதிகள். என்பிஏவில் தடுப்பவர் எவரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்துக்கு முன்னுள்ள பகுதியில் மூன்று விநாடிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. ஃபிபாவில் அந்தத் தடை இல்லை. ஆகவே ஃபிபா ஆட்டத்தில் உயரமான சென்டர் வளையத்தடியிலேயே காவல் நிற்பார். பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே பாய்வதையே நம்பியிருக்கும் கார்டு (வெளியிலிருந்து ஆட்டத்தை நடத்தும், பொதுவாக உயரம் குறைந்த வீரர்) அங்கே சுவர் எழுந்து நிற்பதைக் காண்பார். இரண்டாவது, எறிந்த பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால் அது மேலே ஆடிக்கொண்டிருக்கும்போதே எவரும் தட்டிவிடலாம் என்பது ஃபிபா விதி. என்பிஏவில் அது குற்றம். பல ஆண்டுகள் ஒரு விதியின்கீழ் ஆடிப் பழகியவர் வேறு லீக்குக்கு மாறும்போது முதல் சில வாரங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இவ்விரண்டினால்தான். நீங்கள் சென்று சேர வாய்ப்புள்ள லீக் எந்த விதிகளின்கீழ் ஆடப்படுகிறது என்பதை முன்னரே அறிந்து, அதற்கேற்பப் பயிற்சியை அமைத்துக்கொள்ளுங்கள்.

இளம் வயதில் அடித்தளம்

ஆண்களுக்கு 7ஆம் அளவுப் பந்து, பெண்களுக்கு 6ஆம் அளவு, சிறுவர்க்கு 5ஆம் அளவு என்பது பொது வழக்கம். பத்து வயதுச் சிறுவனிடம் பெரிய பந்தைக் கொடுத்து முழு உயர வளையத்தை நோக்கி எறியச் சொன்னால், அவன் தோளையும் இடுப்பையும் வளைத்துப் பந்தை உந்தப் பழகிவிடுகிறான். அந்தப் பழக்கத்தைப் பின்னாளில் மாற்றுவது மிகக் கடினம். சிறிய பந்து, தாழ்ந்த வளையம் ஆகியவற்றில் தொடங்கி, உடல் வளர வளர உயர்த்திக்கொள்வதே சரி.

பதினைந்து, பதினாறு வயதுவரை உயரத்தை மட்டும் பார்த்து ஒருவருடைய இடத்தை முடிவுசெய்துவிடக் கூடாது. ஆண்டனி டேவிஸ் உயர்நிலைப் பள்ளியில் கார்டாக ஆடிக்கொண்டிருந்தபோது சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வளர்ந்தார். சிறிய உடலோடு ஆடிய நாள்களில் கற்ற பந்துக் கட்டுப்பாடு வளர்ந்த பிறகும் அவரிடம் இருந்தது, 2012 டிராஃப்டில் அவர் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எல்லோரும் அப்படி வளர்வதில்லை என்றாலும், வகுப்பிலேயே உயரமானவர் என்பதற்காக ஒரு சிறுவனை வளையத்தடியில் நிறுத்தி, பந்தைத் தட்டவே விடாத பயிற்சியாளர் அவனுடைய தொழில் வாய்ப்புகளில் பாதியைப் பறித்துவிடுகிறார் என்றே நான் கருதுகிறேன். எல்லாச் சிறுவர்களும் இரு கைகளாலும் பந்தைத் தட்ட வேண்டும், இரு கைகளாலும் லே-அப் (வளையத்தருகே ஓடிவந்து எழும்பிப் பந்தை இடுவது) போட வேண்டும், ஓட்டத்திலிருந்து இரு கால்களிலும் ஒருசேர நிற்கவும் ஒரு காலை ஊன்றித் திரும்பவும் பழக வேண்டும். கால் அசைவுகளைக் கற்பதற்குப் பந்தே தேவையில்லை. ஆயினும் அதற்கு நேரம் ஒதுக்குவோர் மிகக் குறைவு.

ஷூட்டிங் பயிற்சியில் எண்ணிக்கையை மட்டும் துரத்துவது பலரிடம் காணும் குறை. நின்ற இடத்திலிருந்தே, தடுப்பவர் இல்லாமல், நிதானமாக எறியும் நூறு பந்துகள் ஆட்டத்தில் கிடைக்கும் வாய்ப்பை ஒத்திருப்பதில்லை. ஓடிவந்து, பாஸைப் பெற்று, கால்களை ஊன்றி, உடனே எறிய வேண்டும். மூலை, பக்கம், நடு என ஒவ்வோர் இடத்துக்கும் எறிந்தவை எத்தனை, உள்ளே விழுந்தவை எத்தனை என்று குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். ஃபவுலுக்காகத் தடுப்பவரின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவை ஆட்டத்தில் பெரும்பாலும் இரண்டு இரண்டாகவே எறிகிறோம், அதுவும் மூச்சு வாங்கும் நிலையில். எனவே பயிற்சியிலும் களத்தை முழு வேகத்தில் ஓடிக் கடந்துவந்து இரண்டு மட்டும் எறிந்துவிட்டு மீண்டும் ஓட வேண்டும். சில மாதங்கள் எழுதிய குறிப்பேடு, எந்த இடத்திலிருந்து நீங்கள் நம்பத்தக்கவர், எந்த இடத்திலிருந்து அல்ல என்பதை எந்தப் பாராட்டும் மறைக்க முடியாதபடி காட்டிவிடும்.

உங்கள் பங்கு எது

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் திறமையுள்ள பலருடைய தொழில் தொடங்காமலே போவது இந்தக் கேள்விக்கு விடை தேடாததால்தான்.

40 நிமிட ஆட்டத்தில் பத்துப் பேருக்கும் சேர்த்துப் பந்து ஒன்றுதான். ஆட்டம் முழுவதும் களத்தில் நிற்பவரின் கையில்கூடச் சராசரியாக அது நான்கு நிமிடங்களுக்கு மேல் இருக்க வழியில்லை. மீதி 36 நிமிடங்களில் அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் தொழில்முறைப் பயிற்சியாளர்கள் முதலில் பார்க்கிறார்கள். எதிரணி விரைந்து தாக்க வரும்போது திரும்பி ஓடுகிறாரா. எறிந்த பந்து காற்றில் இருக்கும்போது தன் எதிராளியை உடலால் மறித்து ரீபவுண்டுக்கு, அதாவது உள்ளே விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, இடம் பிடிக்கிறாரா. கூட்டாளி தாண்டப்பட்டால் உதவிக்கு நகர்ந்துவிட்டுத் தன் ஆளிடம் உரிய நேரத்தில் திரும்புகிறாரா. ஸ்கிரீன் (தடுப்பவரின் வழியை எதிரணி வீரர் நின்று மறிப்பது) வருகிறது என்று உரக்கச் சொல்கிறாரா. பள்ளி அணியில் அதிகப் புள்ளிகள் எடுத்த வீரர் தொழில்முறை அணிக்கு வரும்போது, அங்குள்ள அனைவருமே தத்தம் பள்ளிகளில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர்களாகத்தான் இருப்பார்கள். அங்கே அவருக்குத் தரப்படும் வேலை வேறாக இருக்கும். அதை மனமாரச் செய்பவருக்கே இடம் நிலைக்கும்.

பென் வாலஸ் 1996இல் எந்த அணியாலும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. என்பிஏவில் அவருடைய வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு ஆறு புள்ளிகளைக்கூட எட்டவில்லை. ஆனால் ரீபவுண்டிலும் வளையக் காவலிலும் அவரை மிஞ்ச ஆளில்லாததால் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு முறை பெற்றார், 2004இல் டெட்ராய்ட் அணியுடன் கோப்பையை வென்றார், 2021இல் புகழ் மண்டபத்திலும் சேர்க்கப்பட்டார். அலெக்ஸ் கரூசோவும் 2016இல் தேர்வாகாமல் ஜி லீக்கில் ஆடித் தொடங்கியவர். தடுப்பாட்டமும் பந்தில்லாத நேரத்து நகர்வும் அவரை 2020இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியுடனும் 2025இல் ஓக்லஹோமா சிட்டி அணியுடனும் கோப்பை வெல்லச் செய்தன. இவர்கள் தங்களுக்கு வராத ஒன்றைச் செய்து காட்ட முயன்று காலத்தைக் கழிக்கவில்லை.

உங்கள் பங்கைத் தேர்ந்துகொள்ளும்போது, நீங்கள் சேர விரும்பும் நிலையைவிட ஒரு படி கீழே உள்ள லீக்கின் ஆட்டங்கள் சிலவற்றை முழுமையாகப் பாருங்கள். உங்கள் உயரமும் எடையும் உள்ளவர்கள் அங்கே என்ன வேலை செய்கிறார்கள் என்று கவனியுங்கள். 1.88 மீட்டர் உயரமுள்ளவர் வளையத்தடியில் ஆடிப் பள்ளியில் வென்றிருக்கலாம். தொழில்முறை லீக்குகளில் அவ்வுயரமுள்ளவர்கள் பெரும்பாலும் கார்டுகளே. அப்படியானால் அவர் பிக் அண்ட் ரோல் ஆட்டத்தில் (கூட்டாளி ஸ்கிரீன் வைத்துவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் முறை) ஸ்கிரீனைப் பயன்படுத்தவும், அதைத் தடுக்கவும், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியவும் உடனே கற்கத் தொடங்க வேண்டும். ஒரு திறனில் லீக்கின் சராசரியைவிடத் தெளிவாக மேலாகவும், மற்றவற்றில் அணிக்குச் சுமையாகாத அளவுக்கும் இருப்பவருக்குத்தான் முதல் ஒப்பந்தம் எளிதாகக் கிடைக்கிறது.

பாதைகள்

ஐரோப்பாவில் பொதுவான பாதை கிளப் அகாடமி. லூகா டோன்சிச் 13 வயதில் ரியல் மாட்ரிட் கிளப்பில் சேர்ந்து, 2015இல் 16 வயதில் முதல் அணிக்கு ஆடி, 2018இல் ஐரோப்பியக் கிளப்புகளின் உயர்நிலைப் போட்டியான யூரோலீக்கின் மதிப்புமிக்க வீரராகத் தேர்வாகி, அதே ஆண்டு என்பிஏவுக்குச் சென்றார். இப்பாதையின் சிறப்பு, பதின்ம வயதிலேயே முதிர்ந்த தொழில்முறை வீரர்களோடு பயிற்சி பெறுவது. அதன் குறை, கிளப்பை விட்டு விலக நினைக்கும்போது ஒப்பந்தத்திலுள்ள விடுவிப்புத் தொகை குறுக்கே நிற்கக்கூடும் என்பது. 18 வயது நிறையாதவர் வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறுவதை ஃபிபா சிறப்புச் சூழல்களில் மட்டுமே அனுமதிக்கிறது. பள்ளி மாணவரை வெளிநாட்டு அணியில் உடனே சேர்த்துவிடுவதாக எவரேனும் உறுதி கூறினால் எச்சரிக்கையாக இருங்கள்.

அமெரிக்கக் கல்லூரிப் பாதை படிப்பையும் ஆட்டத்தையும் இணைப்பது. கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் முதல், இரண்டாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகை தரலாம். மூன்றாம் பிரிவில் அது கிடையாது. முதல் பிரிவில் ஆட, பள்ளியில் வரையறுக்கப்பட்ட 16 அடிப்படைப் பாடங்களை உரிய மதிப்பெண்ணுடன் முடித்திருக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் இறுதியாண்டில் விண்ணப்பிக்கும்போதுதான் பாடக் குறை இருப்பதைக் கண்டு திகைக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே பட்டியலைச் சரிபார்த்துவிட வேண்டும். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தி வருவாய் ஈட்டலாம். ஆனால் மாணவர் விசாவில் இருப்போர் வேலை செய்து பொருள் ஈட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. கல்லூரியின் விசா அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திடக் கூடாது.

என்பிஏ டிராஃப்டில் சேர, அந்த நாட்காட்டி ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்கப் பள்ளியில் படித்தவரானால் பள்ளி முடித்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். பிற நாட்டு வீரர்கள் 22 வயது நிறையும் ஆண்டில் தாமாகவே தேர்வுக்கு உரியவராகிறார்கள். முதல் சுற்றில் தேர்வானவருக்கு முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி, அடுத்த இரண்டு ஆண்டுகள் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றுக்கு அத்தகைய உறுதி இல்லை. ஆயினும் நிகோலா யோகிச் 2014இல் 41ஆவதாகத் தேர்வானவர்தான். பின்னர் மூன்று முறை மதிப்புமிக்க வீரர் விருது பெற்றார். தேர்வாகாதவர்கள் ஜூலையில் லாஸ் வேகஸில் நடைபெறும் கோடை லீக், இலையுதிர்காலப் பயிற்சி முகாம், ஜி லீக் ஆகியவற்றின் வழியாக முயல்கிறார்கள். கோடை லீக்கைப் பிற நாட்டுக் கிளப்புகளின் பார்வையாளர்களும் கூர்ந்து கவனிப்பதால், என்பிஏ கதவு திறக்காவிட்டாலும் அங்கே நன்றாக ஆடுவது வீண்போவதில்லை. ஜனவரியிலிருந்து பத்து நாள் ஒப்பந்தங்களும் தொடங்கும். ஒரே அணி ஒருவருக்கு அதை இருமுறை தரலாம், மூன்றாம் முறை வேண்டுமானால் பருவம் முடியும்வரை ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

பெண்களுக்கான வழி இன்னும் குறுகலானது. 1997இல் ஆட்டங்களைத் தொடங்கிய அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏவில் பல ஆண்டுகளாக அணிக்கு அதிகபட்சம் 12 இடங்களே இருந்துவந்தன. டிராஃப்டில் தேர்வானவர்களிலேயே பலர் முகாமின் முடிவில் விடுவிக்கப்பட்டார்கள். அந்த லீக்கின் பருவம் கோடையில் வருவதால், குளிர்காலத்தில் ஐரோப்பிய, ஆசிய லீக்குகளில் ஆடுவது நெடுங்காலமாக வழக்கம். டயானா டராசியின் ரஷ்யக் கிளப் அவர் ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்காகவே ஊதியம் தந்ததால், அவர் 2015 பருவத்தில் டபிள்யூஎன்பிஏவில் ஆடவில்லை. ஆண்டு முழுவதும் இடைவெளியின்றி ஆடுவதன் விலையை உடல் கொடுக்கிறது. ஆகவே பெண் வீரர்கள் இரு பருவங்களுக்கிடையே ஓய்வு வாரங்களை ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெறுவது நல்லது.

மூவர் ஆட்டமும் இன்று ஒரு தனித் தொழில். ஃபிபாவின் மூவர் உலகச் சுற்று 2012 முதல் நடைபெறுகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அது ஒலிம்பிக் விளையாட்டும் ஆகும். அரைக் களம், 12 விநாடி வரம்பு, 10 நிமிடங்கள் அல்லது முதலில் 21 புள்ளிகள் என்பன அதன் விதிகள். மாற்று வீரர் ஒருவரே இருப்பதால் அங்கே எல்லாரும் எல்லா வேலையும் செய்தாக வேண்டும்.

எந்தப் பாதையில் சென்றாலும் தேசிய அணி பற்றிய முடிவை அவசரமாக எடுக்காதீர்கள். 16 வயதுக்குப் பின் கடவுச்சீட்டுப் பெற்றவர்களில் ஒருவர் மட்டுமே ஒரு தேசிய அணியில் ஆடலாம் என்பது ஃபிபா விதி. 17 வயதுக்குப் பின் ஒரு நாட்டுக்காக அதிகாரப்பூர்வப் போட்டியில் ஆடியவர் பொதுவாக வேறு நாட்டுக்கு மாற முடியாது. இரு குடியுரிமை உள்ள இளையோர் இதை அறியாமல் ஒரு சிறு போட்டிக்காகத் தம் வாய்ப்பை முடக்கிக்கொள்ளக் கூடாது.

காணொளியும் முகவரும்

கிளப்புகள் நேரில் காணாமலே ஒப்பந்தம் செய்வது இத்தொழிலில் இயல்பு. எனவே உங்கள் காணொளியே உங்கள் நேர்காணல். நான்கு நிமிடங்களுக்கு மிகாத ஒரு தொகுப்பும், வெட்டாத இரண்டு முழு ஆட்டங்களும் போதும். தொகுப்பில் பாட்டு வேண்டாம். உங்கள் சட்டை எண்ணும் நிறமும் தொடக்கத்தில் தெரிய வேண்டும். தடுப்பாட்டக் காட்சிகள் கட்டாயம் இடம்பெற வேண்டும். முழு ஆட்டங்களில் ஒன்றாவது வலுவான எதிரணியோடு ஆடியதாக இருக்கட்டும், அதில் நீங்கள் தோற்றிருந்தாலும் பரவாயில்லை. உயரத்தைக் காலணி இல்லாமல் அளந்து எழுதுங்கள். மூன்று சென்டிமீட்டர் கூட்டி எழுதியவர் முதல் நாள் மருத்துவப் பரிசோதனையிலேயே கிளப்பின் நம்பிக்கையை இழந்துவிடுகிறார்.

பன்னாட்டு ஒப்பந்தங்களுக்கு முகவர் ஃபிபாவின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். உரிமத்துக்குத் தேர்வு உண்டு, உரிமம் பெற்றோர் பட்டியலை ஃபிபா வெளியிடுகிறது. பெயரை அதில் சரிபாருங்கள். முகவர் கட்டணத்துக்கு ஃபிபா விதியில் உச்சவரம்பு சம்பளத்தில் 10 விழுக்காடு. என்பிஏ வீரர் சங்கத்தின் விதியில் 4 விழுக்காடு. பல நாடுகளில் கிளப்பே முகவர் கட்டணத்தைச் செலுத்துகிறது. அது உங்களுக்கு நல்லதாகத் தோன்றினாலும், அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஒப்பந்தம் கிடைக்கும் முன்னரே பதிவுக் கட்டணம், முகாம் கட்டணம் என்று கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். உரிமம் பெற்ற நல்ல முகவர் நீங்கள் சம்பாதிக்கும்போதுதான் சம்பாதிப்பார்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

சம்பளத் தொகையைப் பார்த்தவுடன் மகிழ்ந்து கையெழுத்திடும் வழக்கம் புதியவர்களிடம் உண்டு. தொகை, வரி நீங்கலாகவா, வரி உட்படவா என்பதுதான் முதல் கேள்வி. ஐரோப்பாவில் பல கிளப்புகள் வரி நீங்கலான தொகையையே பேசுகின்றன. அவ்வாறாயின் வரியைக் கிளப் செலுத்தும் என்றும், செலுத்தியதற்கான சான்றை உங்களுக்குத் தரும் என்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சான்று இல்லாவிட்டால் சொந்த நாட்டில் மீண்டும் வரி கட்ட நேரலாம்.

அடுத்து, சம்பளம் எந்தெந்தத் தேதிகளில், எத்தனை தவணைகளில் வரும், எந்த நாணயத்தில் வரும் என்பதைப் பாருங்கள். பருவம் எட்டு முதல் பத்து மாதங்கள். கோடையில் வருவாய் இல்லை. சம்பளம் தாமதமாவது கீழ்நிலை லீக்குகளில் அடிக்கடி நிகழ்வது. ஆகவே குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் தாமதமானால் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் வராமல் இருக்கும் உரிமையும், அதற்கும் மேல் தாமதமானால் முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டு விலகும் உரிமையும் தெளிவாக எழுதப்பட வேண்டும். காயம்பட்டால் சம்பளம் தொடருமா, அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, வீடு தனியானதா பகிர்ந்ததா, விமானச் சீட்டுகள் எத்தனை, மருத்துவப் பரிசோதனை வந்து சேர்ந்த எத்தனை நாள்களுக்குள் முடிய வேண்டும் என்பனவும் எழுத்தில் இருக்க வேண்டும். பரிசோதனைக்குக் காலவரம்பு இல்லையென்றால், உங்கள் ஆட்டம் பிடிக்காதபோது மருத்துவக் காரணம் காட்டி விடுவிப்பதற்கு அதுவே வழியாகிவிடும். ‘முழு உறுதி’ என்ற சொல் தலைப்பில் இருந்தும், உள்ளே ஒரு மாத முன்னறிவிப்பில் விலக்கலாம் என்ற பிரிவு இருக்கக்கூடும். இரண்டையும் ஒப்பிட்டுப் படியுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது தகராறுப் பிரிவை. வீரர், கிளப் ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும், ஜெனீவாவைச் சட்டமுறை இருப்பிடமாகக் கொண்ட கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயம் 2007 முதல் செயல்படுகிறது. வழக்கு அங்கே செல்ல வேண்டுமானால், அத்தீர்ப்பாயத்தையே இரு தரப்பும் ஏற்பதாக ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய வீரர்களைப் பதிவுசெய்வதை ஃபிபா தடுக்க முடியும் என்பதால் அத்தீர்ப்புக்கு வலிமை உண்டு. அந்தப் பிரிவு இல்லாவிட்டால், மொழி தெரியாத நாட்டின் நீதிமன்றத்தில் நீங்களே வழக்காட வேண்டியிருக்கும். நாடு மாறும்போது பழைய நாட்டின் சங்கம் தரும் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் புதிய அணியில் ஆட முடியாது. பழைய கிளப்புடனான கணக்கைத் தீர்த்துவிட்டே புறப்படுங்கள்.

முதல் பருவம்

வெளிநாட்டு வீரர்களுக்கு எத்தனை இடங்கள் என்பதைப் பல லீக்குகள் வரையறுத்திருக்கின்றன. அந்த இடத்தில் வருபவரிடமிருந்து கிளப் உடனடிப் பலனை எதிர்பார்க்கிறது. சில மோசமான ஆட்டங்களே அவரை மாற்றப் போதுமானவை. எனவே உடல் தகுதியுடன் சென்று இறங்குவது தவிர்க்க முடியாத தேவை. முதல் வாரத்திலேயே அணியின் ஆட்ட முறைகளின் பெயர்களை எழுதி மனப்பாடம் செய்யுங்கள், மூத்த உள்ளூர் வீரர் ஒருவரிடம் பழகுங்கள், பயிற்சியாளர் பயன்படுத்தும் களச் சொற்களையேனும் அவருடைய மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். ஆட்ட நேரம் குறைவாகக் கிடைத்தால் முகவரிடம் முறையிடும் முன் பயிற்சியாளரிடம் நேரில் கேளுங்கள். அவர் தரும் விடை பெரும்பாலும் தடுப்பாட்டத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

உடல்

கணுக்கால் சுளுக்கு இவ்விளையாட்டில் மிகுதியாக வரும் காயம். ஒருமுறை சுளுக்கியது சரியாக ஆறாவிட்டால் மீண்டும் சுளுக்கும். ஸ்டீஃபன் கரி தொடக்க ஆண்டுகளில் கணுக்காலால் மிகவும் துன்புற்றார். அந்த ஐயத்தினால்தான் 2012இல் அவருடைய நீட்டிப்பு ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு 4.4 கோடி டாலர் என்ற குறைந்த அளவில் அமைந்தது. பின்னர் 2015இலும் 2016இலும் அவர் மதிப்புமிக்க வீரரானார். ஒற்றைக் காலில் நிற்கும் சமநிலைப் பயிற்சிகளும் இடுப்பு, தொடை வலிமைப் பயிற்சிகளும் பார்ப்பதற்குச் சுவையற்றவையாக இருந்தாலும், தொழிலின் நீளத்தை அவை நேரடியாகத் தீர்மானிக்கின்றன. முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுவது பெண்களுக்கு அதிகமாக நிகழ்வதால், குதித்து இறங்கும் முறையைச் சிறுமியருக்குத் தனியாகக் கற்பிக்க வேண்டும். கிளே தாம்சன் 2019இல் முழங்காலிலும் 2020இல் குதிகால் தசைநாரிலும் காயமுற்று, இரண்டு முழுப் பருவங்களை இழந்து, 2022 ஜனவரியில்தான் களம் திரும்பினார். அவரிடம் நீண்ட ஒப்பந்தம் இருந்தது. ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆடுபவருக்கு அந்தப் பாதுகாப்பு இராது. தனியான காயக் காப்பீடு எடுப்பது அவருக்கு இன்றியமையாதது.

உறக்கத்தைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களிடம் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சில வாரங்கள் இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் கழித்தவர்களின் ஓட்ட வேகம் கூடியது, ஃப்ரீ த்ரோவும் மூன்று புள்ளி எறிதலும் ஏறத்தாழ 9 விழுக்காடு மேம்பட்டன. அது 11 பேரைக் கொண்ட சிறிய ஆய்வு என்றாலும், பயண நாள்களில் உறக்கத்தைக் காப்பதற்குப் போதிய காரணம் தருகிறது. ஊக்கமருந்துத் தடை விதிகளில் அறியாமை மன்னிக்கப்படுவதில்லை. சளி மருந்தானாலும் ஊட்டப்பொடியானாலும் அணி மருத்துவரிடம் காட்டிய பிறகே உட்கொள்ளுங்கள்.

பணமும் சூதாட்டமும்

எட்டு மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பகுத்துச் செலவிடுங்கள், அடுத்த ஒப்பந்தம் தாமதமானாலும் தாங்கும்படி ஆறு மாதச் செலவைத் தனியே வையுங்கள். சூதாட்டம் குறித்து இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குக் காயம் உண்டா, இன்று ஆடுவீர்களா என்று நண்பர் கேட்பதுகூடச் சூதாடிகளுக்கு விலைமதிப்புள்ள செய்தி. அணியின் உட்செய்தியைச் சூதாடிகளுக்குத் தெரிவித்ததற்காகவும், பந்தயத்துக்காகத் தம் ஆட்டத்தைத் தாமே குறைத்துக்கொண்டதற்காகவும் ஜான்டே போர்ட்டரை என்பிஏ 2024 ஏப்ரலில் வாழ்நாள் முழுவதும் விலக்கியது. சம்பளம் குறைவாகவும் தாமதமாகவும் வரும் லீக்குகளில் இத்தகைய அழைப்புகள் வரும் வாய்ப்பு அதிகம். வந்த அன்றே லீக்குக்குத் தெரிவித்துவிடுங்கள். மறைத்து வைப்பதே தனிக் குற்றமாகக் கருதப்படலாம்.

ஆட்டம் ஓயும்போது

முப்பதுகளின் நடுப்பகுதியில் பெரும்பாலோருடைய தொழில் முடிந்துவிடுகிறது. காயத்தால் அதற்கு முன்னரே முடிவதும் உண்டு. உடோனிஸ் ஹாஸ்லெம் போல 2002இல் தேர்வாகாமல், பிரான்சில் ஓராண்டு ஆடி, பின்னர் 2003 முதல் 2023 வரை மயாமி அணியிலேயே இருபது பருவங்கள் நிலைப்பது அரிது. என்பிஏவில் ஓய்வூதியத்துக்குத் தகுதிபெறக் குறைந்தது மூன்றாண்டுச் சேவை தேவை. பல நாடுகளின் லீக்குகளில் அப்படியோர் ஏற்பாடே இல்லை.

பயிற்சியாளர் பணி, காணொளிப் பகுப்பாய்வு, உடற்பயிற்சித் துறை, நடுவர் பணி, முகவர் தொழில் என்று ஆட்ட அறிவு பயன்படும் வேலைகள் பல உள்ளன. மயாமி அணியின் தலைமைப் பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா என்பிஏவில் ஒருநாளும் ஆடியவர் அல்லர். ஜெர்மனியின் ஒரு சிறிய கிளப்பில் ஆடிக்கொண்டே பயிற்சியும் அளித்தவர். 1995இல் மயாமி அணியின் காணொளி அறையில் வேலைக்குச் சேர்ந்து, 2008இல் தலைமைப் பயிற்சியாளராகி, 2012இலும் 2013இலும் கோப்பையை வென்றார். இரண்டாம் நிலை லீக்குகளில் ஆடுவோர், அணியின் காணொளிப் பகுப்பாய்வாளரோடு வாரம் ஒருமுறை அமர்ந்து எதிரணிகளைப் பிரித்தறியும் முறையைக் கற்கலாம். வருவாயில்லாத கோடை மாதங்களில் தம் நாட்டுச் சங்கம் நடத்தும் பயிற்சியாளர் உரிமத்தின் முதல் நிலையை முடித்துவிடலாம். ஒவ்வொரு பருவத்தின் ஒப்பந்தத்தையும் வரிச் சான்றையும் மருத்துவ அறிக்கையையும் விடுவிப்புக் கடிதத்தையும் ஒரே கோப்பில் திரட்டி வாருங்கள். நிலுவைச் சம்பளத்துக்காக வழக்காடும்போதும், பழைய காயத்துக்குச் சிகிச்சை பெறும்போதும், பயிற்சியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.